பிரதி அமைச்சரின் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

றெஜினா அதுவரை எழுதியது முழுவதும் செத்தவர்களைப் பற்றித்தான். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கையில் கொடுக்கிற நினைவு மலரை எழுதித் தருகிறவள் அவள். பத்தொன்பது வருடத்தில் அறுநூறு பேருக்கு மேல் எழுதிவிட்டாள். அவளுடைய மலர்களில் ஒருவரும் பெண்சாதியோடு சண்டை பிடித்ததில்லை. ஒருவரும் பக்கத்து வளவுக்குள் வேலியை அரக்கிப் போட்டு நிலம் பிடித்ததில்லை. எல்லோரும் இன்முகத்தோடு வாழ்ந்து ஊர் போற்ற மறைந்தார்கள். குடும்பத்தார் வாசித்து அழுவார்கள். சிலர், "இது எங்கடை அப்பாதானோ?" என்று கேட்டுவிட்டு அழுவார்கள்.

ஆகவே அந்தத் தொலைபேசி வந்தபோதும் வழக்கம்போலப் பேனையை எடுத்துக்கொண்டு, "ஆர் அண்ணை தவறினது?" என்றாள்.

"ஒருத்தரும் தவறேல்லை. நான் மாண்புமிகு குலசிங்கம் கதைக்கிறன். என்ரை அரசியல் வரலாறு எழுதவேணும்."

"உங்கடையோ? நீங்கள் உயிரோடைதானே இருக்கிறியள்?"

"இருக்கிறபடியால்தான் எடுத்தனான்."

குலசிங்கத்தைத் தெரியாத தமிழர் ரொறன்ரோவில் குறைவு. தெரிந்தவர்களில் அவரோடு கதைக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. ஊரில், பெரியவர் என்று எல்லோரும் அழைத்த ஜனாதிபதி சொன்னதே சட்டம் என்றிருந்த காலத்தில், அரசாங்கப் படத்தில் நிற்க ஒரு தமிழ் முகம் தேவைப்பட்டது. குலசிங்கம் போய் நின்றார். உப்பளங்கள், பனைசார் கைத்தொழில் பிரதி அமைச்சர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். நான்கு மாதம். அதற்குள் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த சனம் தெருவுக்கு இறங்கி, மாளிகைக்குள் புகுந்து, பெரியவர் விமானம் ஏறிவிட்டார். அடுத்த கிழமை குலசிங்கமும் மனைவி யோகராணியோடு ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடமாக அங்கேதான். பதவியை ஒருவரும் எழுத்தில் பறிக்கவில்லை என்பதால், தான் இன்னும் பிரதி அமைச்சர்தான் என்பது அவருடைய வாதம். மருமகன் வாகீசனின் காரில் பின் இருக்கையில்தான் ஏறுவார். கார் நின்றாலும் இறங்கமாட்டார்; வாகீசன் சுற்றி வந்து கதவு திறக்கும்வரைக்கும் நேரே பார்த்தபடி இருப்பார்.

றெஜினா அவர் தட்டச்சுச் செய்து கொடுத்த குறிப்பை வைத்து மூன்று நாளில் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டாள். அவளுடைய பேஸ்மென்ற்றில் உட்கார்ந்து அவர் வாசித்தார். பக்கத்தில் யோகராணி.

"தங்கச்சி, இதிலை 'அன்னார்' எண்டு கிடக்குது."

"மரியாதைக்குப் போட்டது, அண்ணை."

அண்ணை என்ற சொல் அவருக்கு ஒவ்வவில்லை. நான்கு மாதம் 'சேர்' கேட்ட காது அது. பொறுத்துக்கொண்டு மேலே வாசித்தார்.

"'அன்னாரின் பிரிவால் துயருறும் மனைவி யோகராணி' எண்டும் கிடக்குதே!"

"ஐயோ, கை பழக்கத்திலை எழுதிப்போட்டுது. வெட்டிவிடுறன்."

யோகராணி தாளை வாங்கி நிதானமாக வாசித்தாள். "ஏன் வெட்டுறியள்? வடிவாத்தானே கிடக்குது," என்றாள்.

இரண்டாம் அத்தியாயத்துக்குச் சரக்குத் தேவைப்பட்டது. றெஜினா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, நான்கு மாதத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

"திறந்து வைச்சனான்," என்றார் குலசிங்கம்.

"என்னத்தை?"

"தண்ணித் தாங்கி ஒண்டு. மூண்டு தரம் திறந்தனான்."

"தண்ணி வந்ததோ?"

"அது வேறை அமைச்சு."

பிறகு, சனம் தன் வீட்டு வாசலுக்கு வந்த நாளைச் சொன்னார். தனியனாகப் படலையில் நின்றாராம். 'சகோதரர்களே' என்று கையை உயர்த்தினாராம். ஆயிரம் பேர் அப்படியே அடங்கிப் போனார்களாம். யோகராணிக்கு அந்த இடத்தில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

அந்த இருமல் றெஜினாவைக் கரைச்சல்படுத்தியது. செத்தவர்களைப் பற்றி எழுதும்போது சாட்சி தேடும் வழக்கம் அவளுக்கு இல்லை. இந்த முறை தேடினாள். அமைச்சரின் இணைப்புச் செயலாளராக இருந்த நீக்கிலாப்பிள்ளை இப்போது பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறான் என்று தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம், அவனுடைய சாப்பாட்டு இடைவேளைக்குப் போனாள். லொறிகள் நிற்கிற பக்கத்தில், அவளுடைய காருக்குள் இருந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி அவன் கதைத்தான்.

"படலையிலையோ? நல்ல கதை. சேர் வேட்டி சால்வையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, தோட்டக்காரன்ரை கறுப்பு ரீசேட்டைப் போட்டுக்கொண்டு சனத்தோடை சனமா நிண்டவர், அக்கா. நிண்டதும் இல்லாமல், 'அமைச்சரே வீட்டை போ' எண்டு கத்தினவர். கத்தினதிலை இவற்றை சத்தம்தான் பெரிசு. பின்னாலை வந்த பெடியள் இவரைத்தான் தலைவர் எண்டு நினைச்சாங்கள். இவர்தான் அவங்களை வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போய், பிறிட்ஜ் எங்கை இருக்குது எண்டு காட்டினவர். ஐஸ்கிறீமும் பங்கு போட்டுக் குடுத்தவர்."

றெஜினா கைப்பையால் முகத்தை மறைத்துச் சிரித்தாள். பிறகு, ஒரு நல்ல விசயமாவது சொல்லு தம்பி, புத்தகத்துக்கு வேணும் என்றாள்.

நீக்கிலாப்பிள்ளை யோசித்தான். "ஒண்டு இருக்குது. ஆனா அது அவர் செய்ததில்லை. அவர் கையாலை நடந்தது."

ஃபைல்கள் எல்லாம் சிங்களத்தில் வரும். குலசிங்கத்துக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமோ அந்த இடத்தில் நீக்கிலாப்பிள்ளை மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவான். களப்புத்துறை உப்பளத்தை முப்பது வருடக் குத்தகைக்கு ஒரு பெரிய கம்பனிக்குக் கொடுக்கிற ஃபைலும் அப்படித்தான் வந்தது. அன்று ஒட்டுத்தாள் நழுவி ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. குலசிங்கம் ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் வைத்தார். அந்த வரி, 'நிராகரிக்கப்படுகிறது'.

"முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு உப்பளம் தப்பிச்சுது, அக்கா. மேல் அமைச்சர் போன் எடுத்துப் பேசின பேச்சிலை சேருக்கு ரெண்டு நாள் காய்ச்சல். சேரை வேலையாலை நிப்பாட்டுற கடிதமும் ரைப் அடிச்சு வைச்சிருந்தவை. அது கையெழுத்துக்குப் போக முன்னம் சனம் மாளிகைக்குள்ளை வந்திட்டுது."

அவன் தன்னுடைய போனில் அந்தப் பக்கத்தின் படத்தைக் காட்டினான். றெஜினா கல்யாணத்துக்கு முன் கொழும்பில் எட்டு வருடம் தட்டச்சு வேலை பார்த்தவள், சிங்களம் வாசிப்பாள். அவன் சொன்னது சரிதான்.

"இதை ஏன் படம் எடுத்து வைச்சிருக்கிறாய்?"

"இது மட்டுமோ? இருநூற்றிப் பன்னிரண்டு ஃபைலையும் எடுத்து வைச்சிருக்கிறன். நாளைக்கு ஒருத்தரும் என்ரை தலையிலை கட்டக்கூடாது."

றெஜினா இதைக் குலசிங்கத்திடம் சொன்னபோது அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. முப்பத்தெட்டுக் குடும்பமோ என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் தெரிஞ்சுதான் வைச்சனான், தங்கச்சி."

"ஒட்டுத்தாள் நழுவினது, அண்ணை."

"ஒட்டுத்தாளை நழுவ விட்டது ஆர்?"

செத்தவர்களிடம் ஒரு வசதி உண்டு, அவர்கள் திருத்தம் கேட்பதில்லை என்று றெஜினா நினைத்துக்கொண்டாள். மூன்று கிழமை இழுபறிப்பட்டாள். கடைசியில், அறுநூறு வேலிகளை நேராக்கியவளுக்கு ஒரு ஒட்டுத்தாள் பெரிய விசயமா என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். 'துணிந்த மறுப்பு' என்ற அந்த அத்தியாயம் பதினான்கு பக்கம். அதில் அமைச்சர் பேனையைக் கீழே வைத்து, யன்னலால் கடலைப் பார்த்து, நீண்ட நேரம் சிந்திக்கிறார்.

வெளியீட்டு விழா மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இருநூறு கதிரை. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். வெளியே, வழித்தொதுக்கிய பனிக் குவியலுக்குப் பக்கத்தில் ஏழு பேர் பதாகை பிடித்தபடி நின்றார்கள். அவற்றில் ஒன்றில் 'துறோகி' என்று எழுதியிருந்தது. உள்ளே போன றெஜினாவால் கதிரையில் இருக்க முடியவில்லை. திரும்பி வந்து, அதைப் பிடித்திருந்த பெண்ணிடம், "பிள்ளை, அது சின்ன ர," என்றாள். நிலாணி என்ற அந்தப் பெண் கனடாவில் பிறந்தவள். "ஓ, சொறி அன்ரி," என்று மார்க்கரை நீட்டினாள். றெஜினா திருத்திக் கொடுத்தாள்.

குளிர் சைபருக்குக் கீழே இருபது. யோகராணி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "உங்கை நிண்டு விறைச்சுச் சாகாதேங்கோ. உள்ளை வந்து எதிருங்கோ. சாப்பிட ரோல்ஸ் இருநூறு கிடக்குது," என்றாள். அவர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு, பதாகைகளோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள். சபை நிறைகிறது என்று குலசிங்கம் மேடையில் மகிழ்ந்தார்.

பொன்னாடைகள் முடிந்து கேள்வி நேரம் வந்தது. நடுவில் ஒரு பெரிய உருவம் எழும்பியது. பெயர் கஸ்பர், பனி வழிக்கிற லொறி ஓடுகிறவன்.

"ஐயா, நான் களப்புத்துறை. எங்கடை அக்காவுக்கு அங்கை ரெண்டு பாத்தி இருக்குது. அவ இப்பவும் உப்பு அள்ளுறா. உங்கடை கையெழுத்தாலைதான் எண்டு இந்தப் புத்தகத்தாலைதான் எனக்குத் தெரியும்." புத்தகத்தை உயர்த்திக் காட்டினான். "அவ்வளவு பேருக்கும் நடுவிலை உங்களுக்கு எப்பிடி ஐயா அந்தத் துணிவு வந்தது?"

குலசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். பதினான்கு பக்கமும் அவருக்குப் பாடம். கடல், யன்னல் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் கஸ்பர் கண்ணைத் துடைத்தபடி நின்றான்.

"ஒட்டுத்தாள் நழுவிப்போச்சுது, தம்பி," என்றார்.

சபைக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். முதலில் சிரித்தது கஸ்பர்தான். கதிரை அதிரச் சிரித்தான். பிறகு முழு மண்டபமும் சிரித்தது. அரசியலில் இருந்த காலமெல்லாம் தன் பேச்சை ஒரு சபை இப்படிக் கேட்டதைக் குலசிங்கம் கண்டதில்லை. அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கறுப்பு ரீசேட்டைச் சொன்னார். 'அமைச்சரே வீட்டை போ' என்று கத்தியும் காட்டினார். ஐஸ்கிறீம் என்ன நிறம் என்றுகூடச் சொன்னார். பதாகைக்காரர் ரோல்ஸ் புரைக்கேறிச் சிரித்தார்கள். முன் வரிசையில் சிலர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள். றெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். யோகராணிக்கு இருமல் வரவில்லை.

சிரிப்பு அடங்கும்போது நிலாணி கையை உயர்த்தினாள்.

"அங்கிள், ஒரு கொஸ்ஷன். நீங்கள் மொத்தம் எத்தினை ஃபைல் சைன் பண்ணினீங்கள்?"

"இருநூற்றிப் பன்னிரண்டு, பிள்ளை."

"ஒண்டு மிஸ்ரேக்காலை நல்லதா வந்தது. ஓகே. மற்ற இருநூற்றிப் பதினொண்டிலையும் என்ன இருந்தது?"

குலசிங்கம் சிரித்த முகத்தோடேயே நின்றார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைச் சபை பார்க்க இறக்கினார்.

"தெரியாது."

"தெரியாதோ?"

"நான் வாசிக்கேல்லை, பிள்ளை."

அவள் திட்டுவாள் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் பதாகையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று றெஜினாவுக்குப் பட்டது.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கஸ்பர் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். குலசிங்கம் பேனையின் மூடியைக் கழற்றினார். பிறகு மூடினார்.

"பொறுங்கோ, வாசிச்சுப்போட்டு வைக்கிறன்," என்று கதிரையை இழுத்துப்போட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். கஸ்பர் இரண்டு ரோல்ஸும் ஒரு ரீயும் முடிக்கும்வரை பார்த்துவிட்டு, புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் றெஜினாவின் பேஸ்மென்ற்றுக்கு வந்தார். நீக்கிலாப்பிள்ளை எல்லாப் படங்களையும் அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தான்.

"நீர் சிங்களம் வாசிப்பீர்தானே, தங்கச்சி?"

றெஜினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முதலாவது, அலுவலகத்துக்கு நாற்பத்தெட்டுச் சுழல் கதிரை. குலசிங்கம் பெருமூச்சு விட்டார். "கதிரை நல்லதுதானே?" என்றார். இரண்டாவது, மூன்றாவது, வாகனத்துக்கு ரயர். நான்காவதில் தண்ணீர்த் தாங்கித் திறப்பு விழாவுக்கு மலர்மாலை. அது மூன்று தரம் வந்தது. பத்தாவது வரைக்கும் அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பதினோராவதை றெஜினா முதலில் தனக்குள் வாசித்தாள்.

"என்ன?"

"ஒரு கிளாக்கர். ம. பொன்னம்பலம். உப்பளக் கந்தோரிலை இருந்து மலைநாட்டுப் பக்கம் மாத்தியிருக்குது. உடனடியா."

"ஏன்?"

"உப்பு நிறுவையிலை களவு நடக்குது எண்டு முறைப்பாடு எழுதினவராம். காரணம் எண்ட இடத்திலை அப்பிடித்தான் கிடக்குது."

"கீழை என்ரை கையெழுத்தோ?"

"ஓம், அண்ணை. வடிவா வைச்சிருக்கிறியள்."

குலசிங்கம் போனை வாங்கி, தனக்கு விளங்காத எழுத்துகளை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டார். அது இதில் இல்லை என்றாள் றெஜினா.

"இதையும் எழுதும்," என்றார்.

"எப்பிடி எழுதிறது?"

"கிடக்கிறபடி எழுதும். 'அன்னார்' எல்லாம் போடாதையும்."

அவள் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினாள். அந்தக் கிளாக்கரின் பெயரைச் சரியாகப் பார்த்து எழுதினாள். பிறகு தேதி. அவர் பக்கத்தில் குனிந்து, அவள் எழுதுவதை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே வாகீசன் ஹோர்ன் அடித்தான்; ஒரு மணிக்கு அவனுக்கு வேலை. குலசிங்கம் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அவன் போகட்டும். நான் பஸ்ஸிலை வாறன்," என்றார். "பன்னிரண்டாவதை எடும்."