மை படாத விரல்கள்

கணவன் இறந்த பிறகு காரைக்குடி ஸ்டூடியோவை அற்புதம்மாளே நடத்தினாள். பெண்ணே படம் எடுக்கிறாள் என்பதால் கல்யாண வீடுகளில் அவளைத்தான் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

அறுபத்தேழாம் வருஷத் தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தவளை, களையெடுப்பு வேலை செய்யும் சிட்டாள் என்பவள் கையோடு அழைத்துப் போனாள். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில், வாக்குச் சாவடி வாசலில் சிட்டாளின் தெருப் பெண்கள் வெயிலில் நின்றார்கள். அவர்கள் ஓட்டையெல்லாம் காலையிலேயே யாரோ போட்டுவிட்டார்களாம்.

"நாங்க போடலங்கிறதுக்கு இந்த வெரலுதேன் சாட்சி. எடுங்கக்கா" என்றாள் சிட்டாள். எல்லோரும் இடது கையை நீட்டினார்கள். ஒரு விரலிலும் மை இல்லை. அற்புதம்மாள் எடுத்தாள்.

சாயங்காலம் அந்த ஊர் வீரையா கடைக்கு வந்தார். அந்த ஓட்டுகளைப் போட வைத்தவர் அவர்தான் என்பது ஊரறிந்த விஷயம். அவர் அதட்டவில்லை.

"வைகாசியில மக கல்யாணம். நீங்கதேன் எடுக்கணும். அந்தப் பொம்பளைக படம் நமக்கு எதுக்கும்மா?"

பிலிமைக் கொடு என்றுகூட அவர் கேட்கவில்லை. அற்புதம்மாளே காமிராவைத் திறந்து, சுருளை உருவி, படம் அழியும்படி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "போதுமாய்யா?" என்றாள். வீரையாவே சற்றுக் கூசியவர்போலத் தெருப்பக்கம் பார்த்தார்.

மறுநாள் சிட்டாள் வந்தாள். தேவகோட்டைக்குப் போய் அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் படம் வேண்டும்.

"படம் விழல சிட்டாளு. பிலிம் கெட்டுப்போச்சு."

"அதுக்கு நீங்க என்னக்கா செய்வீக? மனசு சங்கடப்படாதீக" என்று அவளைத் தேற்றிவிட்டுப் போனாள் சிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அற்புதம்மாளுக்கு.

அடுத்த நாள் காலை அத்தனை பெண்களும் ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள்.

"மை வச்சா சீக்கிரம் போகாதாம்ல. எங்க வெரலு இன்னமும் வெறும் வெரலுதேன். இன்னொருக்கா எடுங்கக்கா" என்றாள் சிட்டாள்.

லென்ஸைத் திருகிய அற்புதம்மாளின் விரலில் மை கருப்பாக அப்பியிருந்தது. அதை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டே எடுத்தாள். கழுவிய படத்தோடு தேவகோட்டைக்குத் தானும் போனாள். வீரையா வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேறு ஆள் வந்தான்.

அந்த வருஷம் மறு ஓட்டு நடக்கவில்லை. ஆனால் எழுபத்தொன்றில் அந்தச் சாவடியில் போலீஸ் நின்றது. பெண்கள் வரிசையில் வந்தார்கள். அதைப் பார்க்க வந்திருந்த அற்புதம்மாளைச் சிட்டாள் தன் மருமகளுக்குக் காட்டினாள்.

"இந்த அக்காதேன். மொதப் படம் கெட்டுப்போச்சுன்னு அழுகாத கொறையா நின்னாக. அப்பவும் விடாம மறுபடி எடுத்துக் குடுத்தாக."

மருமகள் கும்பிட்டாள். அற்புதம்மாள் வாய் திறந்தாள். "வெயிலா இருக்கு, செத்த நெழலுக்கு வாங்க" என்பதுதான் வந்தது.