உடைந்த பப்ஸ் பொட்டலம்

கோட்டைப்பட்டினத்தில் ரிஃபாய் பேக்கரி என்றால் பப்ஸ்தான். ரிஃபாய் நான்தான். மலிவாகக் கிடைக்கும் பேரில்லாத டின் வனஸ்பதியை மாவில் தடவி மடித்து, மறுபடி தடவி மடிப்பேன். வெந்ததும் ஏடு ஏடாக விரியும். உடைந்ததை விற்கமாட்டேன். பத்தொன்பது வருஷமாகச் சாயங்காலம் அவற்றைப் பொட்டலம் கட்டி என் மனைவி பவுசியாவுக்குக் கொண்டுபோவேன். எனக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. அந்தப் பொட்டலம்தான் என் பேச்சு.

போன மாதம் மாடி ஏறினால் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. புதுக்கோட்டையில் ரத்தம் பரிசோதித்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"கெட்ட கொலஸ்ட்ரால் ஏறிக் கெடக்கு. அதை அள்ளிட்டுப் போற நல்லது கொறைஞ்சிருச்சு. வனஸ்பதிப் பலகாரம் நெறைய சாப்பிடுவீங்களா? அதுதான் இப்படி ரெண்டு பக்கமும் கெடுக்கும்."

"மீன் ஆணமும் சோறுந்தாங்க," என்றாள் பவுசியா, என் பக்கம் பார்க்காமலே.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. வெளியே அவளை உட்கார வைத்துவிட்டுத் தனியே திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"நல்லவேளை சொன்னீங்க. மாத்திரை தாரேன். ஆனா அதை இன்னைக்கே நிறுத்தணும். இல்லைன்னா ரத்தக்குழாய் அடைச்சிரும்," என்றார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண் அசந்தேன். கனவில் எங்கள் கடல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. படகுகள் அப்படியே நின்றன. மீன்கள் பாதித் துள்ளலில் நின்றன. பவுசியா அதன்மேல் மெல்ல நடந்து போனாள், கையில் என் பொட்டலம். கூப்பிட்டேன், குரல் வரவில்லை. விழித்தபோது அவள் தலை என் தோளில் கிடந்தது. மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் டின்களைத் தூக்கி எறிந்தேன். ஊருக்கே விற்றதை நினைக்க இன்னும் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வெறும் கையோடு போனேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"பப்ஸ் இல்லாம கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு அது புடிக்கவே புடிக்காதுங்க. நாக்குல ஒட்டும். நீங்க பொட்டலத்தோட வாரதுதான் புடிக்கும். வேணாம்னா நீங்க வாடிப் போவீங்களேன்னு தின்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் நாலு கொய்யாப்பழம் வாங்கி, பப்ஸ் கட்டும் அதே தாளில் கட்டினேன். நான் தெருமுனை திரும்பும்போதே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.