குலுக்காதீர்கள்

எங்கள் வீட்டில் கிம்ச்சிக்கென்றே வாங்கிய ஃப்ரிட்ஜில் கிம்ச்சி இல்லை. பீர் பாட்டில்கள்தான் நிற்கின்றன. குளிர்காலம் முழுவதற்குமாக நான் ஊறுகாயாகப் போட்டு வைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி பால்கனியில் புளித்துக்கொண்டிருக்கிறது.

பீர் என் கணவர் கியுசிக் காய்ச்சியது. சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, முதலில் கூடத்தில், அடியிலிருந்து சூடேற்றும் தரையில் போர்வை போர்த்தி வைத்தார். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு உண்டாக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் உட்காரக்கூடாது. பிறகு, குளிரில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும் என்று ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டார்.

"ஃப்ரிட்ஜ் மூடிய மெதுவா தெற. அதிர்ந்தா கலங்கிடும்."

"ஏங்க, பீரா, பச்சப்புள்ளயா உள்ள தூங்குது?"

"சனிக்கிழமை வரைக்கும்தானே."

சனிக்கிழமை அவருடைய அண்ணன் மன்சொக் வருகிறார். தம்பி கிட்டார் வாங்கியபோதும் ரொட்டி சுட ஆரம்பித்தபோதும், "இதையாவது முடிப்பியாடா?" என்று கேட்டுச் சிரித்தவர். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லா இருக்கு' வேண்டும் இவருக்கு. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேசாமலே எனக்குத் தெரிந்ததால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குள் திருடியைப் போல நடந்தேன்.

அண்ணன் வந்தார். இவர் ஒரு பாட்டிலைக் குழந்தையைப் போல ஏந்தி வந்து மேசையில் வைத்தார். தேன் நிறத்தில் அப்படியொரு தெளிவு. அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படிவு. கண்ணாடித் தம்ளர் எடுக்க இவர் சமையலறைக்குத் திரும்பினார்.

"அடியிலயே தங்கிடுச்சே" என்றார் மன்சொக். மக்கொல்லி என்ற கலங்கலான அரிசிக் கள் பாட்டிலைக் கையில் எடுத்தால் இந்த ஊரில் எவரும் செய்வதை அவரும் செய்தார். தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகக் குலுக்கினார்.

"ஐயோ மாமா, குலுக்கா…"

மூடியைத் திறந்துவிட்டார்.

பாதி கூரைக்குப் போயிற்று. கால்வாசி அவர் சட்டையில். கியுசிக் தம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றார். கூரையிலிருந்து பீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மன்சொக் முகத்தைத் துடைத்தார். மிச்சமிருந்த கலங்கலைப் பாட்டிலோடு குடித்தார்.

"டேய், நல்லா இருக்குடா!"

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் என் கணவர் இருக்கிறாரே.

"இல்ல அண்ணே. இது தெளிவா குடிக்க வேண்டியது."

"சத்தெல்லாம் அடியிலதான்டா இருக்கும்."

நான் இவர் காலை மிதித்தேன். "நல்லா இருக்குன்னுட்டாருங்க. வாய மூடுங்க."

மூடவில்லை. இன்னொரு பாட்டிலை எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துச் சாய்த்து, படிவு கலங்காமல் ஊற்றினார். நுரை எழுந்து நின்றது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"இது என்னடா, கடையில வாங்குன மாதிரி இருக்கு. அந்தக் கலங்கல் இன்னொன்னு குடு, நானே குலுக்கிக்கிறேன்."

கியுசிக் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மிச்சப் பாட்டில்கள் அத்தனையையும் வெளியே எடுத்து அண்ணன் முன்னால் அடுக்கினேன்.

"எல்லாத்தையும் குலுக்கிக் குடிச்சிட்டே போங்க மாமா."

பிறகு பால்கனியிலிருந்து கிம்ச்சி டப்பாக்களை உள்ளே இழுத்து வந்தேன். ஒவ்வொன்றையும் ஃப்ரிட்ஜுக்குள் தடார் தடாரென்று போட்டேன்.