லாயிடின் கைக்கு அளவெடுத்த மட்டைகள்

எங்கள் கோல்ஃப் கிளப்பில் சாம்பியன்களின் பெயரைத் தங்க எழுத்தில் போட மூன்று பலகைகள் உண்டு. நன்றாக ஆடுகிற ஏ பிரிவின் பலகை பாருக்கு நேர் மேலே. நடுத்தரமான பி பிரிவுக்கு ஜன்னல் பக்கம். பந்தைப் புதருக்குள் தேடியே பாதி நாளைக் கழிக்கிற சி பிரிவுக்கு, ஆண்கள் கழிப்பறைக் கதவோரம். லாயிட் ஹேனஃபோர்டுக்கு அந்தக் கதவோரப் பலகைதான் வேண்டும். அவன் மச்சான் ரஸ்ஸின் பெயர் அதில் இரண்டு தடவை இருக்கிறது.

"கை கழுவிட்டு வரும்போதெல்லாம் என் பேரைப் பார்த்துக்கிறேன் மச்சான். மனசுக்கு நிறைவா இருக்கு," என்பான் ரஸ்.

"நீ கை கழுவி நான் பார்த்ததில்லையே," என்பான் லாயிட்.

போன குளிர்காலத்தில் லாயிட் மெல்பர்னுக்குப் போய், உடம்புக்கு அளவெடுத்து மட்டைகள் செய்துகொண்டு வந்தான். கேரவனுக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. வியாழக்கிழமை நாங்கள் பெண்கள் ஆடி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த மேஜைக்கே வந்து விளக்கம் சொன்னான்.

"மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் அளந்தான். மட்டை சாயற கோணம், பந்து போற வேகம், எல்லாம் திரையில வருது. முப்பது வருஷமா என் பந்து வலப்பக்கமே போனது என் தப்பில்லையாம். மட்டை குட்டையாம்."

அவன் மனைவி நோலீன் ஒரு சிப்ஸைத் தக்காளி சாஸில் தோய்த்தாள். "முப்பது வருஷமா காரையும்தான் வலப்பக்க வேலில இடிக்கிற. அதுக்கும் அளவெடுத்தானா?"

"சிரிங்க. அக்டோபர்ல சாம்பியன்ஷிப். பலகைல பேர் ஏறட்டும், அப்புறம் பேசுவோம்."

என்னைக் கேட்டால், அளவெடுத்த மட்டை பாதிப் பேருக்கு வெறும் ஆறுதல். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததுமே காய்ச்சல் விட்ட மாதிரி இருக்குமே, அந்த ரகம். ஆனால் லாயிட் விஷயத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. மட்டைகள் நிஜமாகவே வேலை செய்தன.

முன்பெல்லாம் அவன் அடிக்க வந்து நின்றால் வலப்பக்கம் மேய்கிற கங்காருகள் எழுந்து நகர்ந்துவிடும். இப்போது அவை தலையைக்கூடத் தூக்கவில்லை. சனிக்கு சனி பந்து நேராகப் போனது. அதோடு அவனுடைய ஹேண்டிகேப் இறங்கியது. ஒருவன் எவ்வளவு மோசமாக ஆடுகிறான் என்று கிளப் போட்டு வைத்திருக்கிற எண் அது. குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறவனே கெட்டிக்காரன் என்பதால், அடி குறைந்தால் எண்ணும் குறையும். இருபதுக்கு மேல் இருந்தால்தான் சி பிரிவு. செப்டம்பரில் லாயிடின் எண் பதினெட்டு.

செய்தியைச் சொல்ல ரஸ் கையில் பியரோடு வந்தான். ரஸ் தானாக பியர் வாங்கிக் கொடுத்தால் எங்கோ இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"வாழ்த்துகள் மச்சான். பி பிரிவுக்கு ஏறிட்ட."

"பி பிரிவா?"

"அங்க எல்லாரும் உன்னைவிட நல்லா ஆடுறவங்க. பார்த்துக் கத்துக்கலாம்."

லாயிட் பியரைத் தொடவில்லை. பி பிரிவில் அவன் ஜெயிக்க வழியே இல்லை. பெயர் ஏற அவனுக்கென்று இருந்த ஒரே பலகையும் போயிற்று.

மறுவாரமே மெல்பர்னுக்குக் கிளம்பினான். நோலீனும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

"கொஞ்சம் கெடுத்துக் குடுக்க முடியுமா?" என்று அளவெடுக்கிற பையன் டேமியனிடம் கேட்டானாம்.

"எதை?"

"இந்த மட்டைங்களைத்தான். ரொம்ப வேண்டாம். பந்தை ஒரு மூணு தடவை கூட அடிக்க வேண்டி வர்ற மாதிரி."

"நல்லா ஆடணும்னு வர்றவங்களுக்குத்தான் நாங்க அளவெடுக்கிறோம், லாயிட்."

"நான் ஜெயிக்கணும்னுதானப்பா வந்தேன். நல்லா ஆடணும்னு எப்ப சொன்னேன்?"

அதுவரை பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த நோலீன் நிமிர்ந்தாள். "வளைச்சே குடுங்க தம்பி. ஆனா இவன் பேர் பலகைல ஏறினா, எப்படி ஏறுச்சுன்னு எங்க அண்ணன் ரஸ்கிட்ட நானே சொல்லிடுவேன்."

திரும்பும் வழியில் லாயிட் கேட்டானாம். "வேணும்னே பந்தைக் குளத்துக்குள்ள அடிச்சு எண்ணை ஏத்திக்கிட்டா?"

"அதையும் சொல்லுவேன்."

அக்டோபரில் ஒழுங்காக பி பிரிவில் ஆடினான். கடைசியாக வந்தான். அவனுக்கு முந்தினவனே வெகுதூரத்தில் இருந்தான். சி பிரிவை ரஸ் மூன்றாம் முறையாக ஜெயித்து, பாரில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு நாளும் சேர்த்து எத்தனை அடி மச்சான்?" என்று லாயிட் கேட்டான்.

"நூத்தித் தொண்ணூத்தாறு."

"அப்படியா. நான் நூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"நீ பி பிரிவுடா."

"ஆமா. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னது அத்தோடு நிற்கவில்லை. பியர் இறக்க வருகிற லாரிக்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாருக்கும் இப்போது அந்த இரண்டு எண்களும் மனப்பாடம். போன சனிக்கிழமை ரஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு தைரியம் இருந்தா சி பிரிவுக்கு வந்து மோதேன் பார்ப்போம்."

"வர முடியாதே மச்சான்," என்றான் லாயிட், பார் முழுக்கக் கேட்கிற மாதிரி. "ரொம்ப நல்லா ஆடுறேன்னு உள்ள விட மாட்டேங்கறாங்க."