நியூட்ரல்

விரல் நுனியில் சூடு ஏறியதும் அவன் கத்தியின் கைப்பிடியை, ஓடும் உப்புத்தாள் பெல்ட்டிலிருந்து எடுத்துப் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கினான். அவசரப்பட்டு அழுத்தினால் ரெசின் பசை கருகும், அடுக்குகள் வாய் பிளந்துகொள்ளும். இன்றைக்கென்று பார்த்து அவனுக்கு அவசரம். காலையில் அப்பாவைப் பார்க்க வந்த டாக்டர், "இனிமே ஊசி, மருந்தெல்லாம் வேண்டாம். பக்கத்துல இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் இருப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அப்பா புரள ஆரம்பித்துவிடுவார். அது ஓடினால் அடங்கிவிடுவார்.

அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். அவருடைய பழைய காக்கிச் சட்டைகளை வெட்டி, அடுக்கடுக்காக ரெசினில் தோய்த்து, இடுக்கியில் இறுக்கிக் காயவைத்த கட்டையிலிருந்து அறுத்ததுதான் இந்தக் கைப்பிடி. யோசனையும் அவருடையதே. அம்மாவின் காய்கறிக் கத்தி பிடி கழன்று கிடந்தபோது, "என் சட்டைய வச்சே பண்ணிக் குடுடா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் சட்டையப் பிடிச்சவதானே, கை பழகியிருக்கும்" என்றார். அப்போது சிரிப்பதற்கு மூச்சு இருந்தது அவருக்கு.

நேற்றே கத்தியோடு ஒட்டி ஆணி இறக்கிவிட்டான். இன்று வடிவம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பெல்ட்டில் பிடித்தான். இரண்டு நிமிடம்கூட இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்தினான். முகமூடியைக் கழற்றி, காற்றுக் குழாயால் தலையையும் கைகளையும் ஊதி, வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போனான். அந்தத் தூசி நல்ல நுரையீரலுக்கே ஆகாது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "ஏன் நின்னுடுச்சு?"

"சும்மாதாம்ப்பா. உங்க பக்கத்துல கொஞ்சம் உக்காரலாம்னு."

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க என்ன வேல உனக்கு?"

ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "போடா. விட்டா இவரே எழுந்து வந்துடுவாரு போல."

போனான். கோபமாக வந்தது. பெற்ற பிள்ளை பக்கத்தில் இருப்பதைவிடவா இந்தச் சத்தம் பெரிது? இங்கே நிற்கும்போது அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? கொஞ்ச நேரம் தேய்த்தவன், இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, தூசியை ஊதிச் சட்டையை மாற்றிக்கொண்டு திருடனைப் போலச் சத்தமில்லாமல் உள்ளே வந்தான். நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தான். கை சில்லிட்டிருந்தது.

"நியூட்ரல்ல விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் அப்பா.

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"லோடு இல்லாம ஓடுது. யாருகிட்ட... டிரைவர்கிட்டயேவா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அப்போதுதான். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

இந்த முறை நிறுத்தாமல் வேலை செய்தான். பிடியின் முனைகளை மழுக்கி, அடிப்பக்கம் அம்மாவின் விரல்களுக்குக் குழிவு கொடுத்தான். வளைவு இறங்க இறங்க உள்ளேயிருந்த காக்கி அடுக்குகள் வரிவரியாக வெளியே வந்தன. வெளுத்த சட்டை ஒரு நிறம், வெளுக்காதது ஒரு நிறம். பெல்ட்டை மாற்றி நைசாகத் தேய்த்தான். வாளி, பெல்ட், வாளி. இடையிடையே சுவரைப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை.

முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திக் கத்தியைக் கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினான்.

"அப்பா, முடிஞ்சுது."

அம்மா திரும்பவில்லை. அப்பாவின் கையை இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தாள்.

"இப்பத்தாண்டா," என்றாள். "சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்படியே..."

"கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"கூப்பிட்டா நிறுத்தியிருப்பே."

அவன் தரையில் உட்கார்ந்தான். கையிலிருந்த கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கம் நீட்டினான். அம்மா அதை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் தாமாகக் குழிவில் போய் உட்கார்ந்தன. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"போய் மெஷினப் போடு," என்றாள்.

"எதுக்கும்மா? அதான் முடிஞ்சுடுச்சே."

"கொஞ்ச நேரம் ஓடட்டும். நான் ஆளுங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி."

எழுந்து போய்ப் போட்டான். பெல்ட் லேசாக, வெறுமனே இரைந்தது. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதன்முன் நின்றான். பிறகு மேசைக்கடியில் கிடந்த காக்கிக் கட்டையின் மிச்சத் துண்டை எடுத்து, பெல்ட்டில் வைத்து அழுத்தினான். சத்தம் தணிந்து, கனத்து, சீராக ஓடத் தொடங்கியது.

துண்டு குறுகிக்கொண்டே வந்தது. விரல் சுட்டது. வாளி பக்கத்திலேயேதான் இருந்தது.