பள்ளிக்கூடத்துக்குப் போகிற கோட்

1.

இந்தக் கதை எங்கள் கராஜில் கிடந்த ஒரு மாம்பழப் பெட்டியிலிருந்து வந்தது. எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. மிசிசாகாவில் வேலை முடிந்து, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து, அஜக்ஸுக்கு வந்து சேரும்போது எனக்குக் கற்பனை வருவதில்லை, கொட்டாவிதான் வரும். ஆனால் சிற்றிதழ் நடத்துகிற ஒருவர் சிறப்பிதழுக்குக் கதை வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நடீன், மகனைத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதா விடுவதா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு கதை கிடக்கிறதே, எடுப்போம் என்று எடுத்தேன்.

நடீன் கறுப்பினப் பெண். தாய் தகப்பன் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள், இவள் பிறந்தது ஸ்காபரோவில். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. கணவன் கோர்ட்னி பஸ் பழுது திருத்துகிறவன். அவர்களுடைய ஒரே மகன் ஜொசாயாவும் என் மகன் அகரனும் தெருமுனையிலிருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

[கறுப்பினப் பெண் என்பது அச்சுக்கு. எங்கள் வீடுகளில் என்ன சொல்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். எழுதாமல் விட்டதற்காக என்னை நல்லவள் என்று எண்ணிவிடவும் வேண்டாம்.]

2.

முதல் தொடக்கம்: 'நடீன் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். வெளியே பனி…'

நிறுத்தினேன். நடீன் அழுது நான் கண்டதில்லை. களைத்துப்போய் நிற்கக் கண்டிருக்கிறேன். அழுகையை எழுதுவது சுகம், களைப்பை எழுதுவதுதான் கஷ்டம்.

இரண்டாவது தொடக்கம்: 'கனடாவின் அரசுப் பள்ளிக்கூடங்கள் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக'

முடிக்க வெட்கமாக இருந்தது. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது தொடக்கம்: 'நடீனின் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கோட் தொங்கும்.'

இது உண்மை. நான் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில், மத்தியானத்தில் அவளுடைய கார் வந்து நிற்கும். வேலை உடுப்போடு உள்ளே போகிறவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை இழுத்துக் கட்டி, சின்னத் தோட்டோடு வெளியே வருவாள். வேறு வேலை தேடுகிறாளாக்கும் என்று நினைத்து ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"இது பள்ளிக்கூடத்துக்குப் போற கோட்," என்றாள். "வேலை உடுப்போட போனால் வேற மாதிரிக் கதைப்பினம்."

[நடீன் பேசுவது ஆங்கிலம். எனக்குத் தெரிந்த தமிழ் யாழ்ப்பாணத் தமிழ்தான், ஆகவே அவளுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.]

3.

இந்த மாரிகாலம் முழுக்க அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன். ஜொசாயா ஓடினான். ஜொசாயா சத்தமாகச் சிரித்தான். வரிசையில் நிற்கச் சொன்னபோது ஏன் என்று கேட்டான். என் வீட்டிலும் அதே வயதில் ஒரு சாமான் இருக்கிறது, அதுவும் ஓடும், சத்தம் போடும், ஏன் ஏன் என்று உயிரை வாங்கும். எனக்கு ஒரு ஃபோனும் வந்ததில்லை.

நாங்கள் தமிழாக்கள் எப்படி? பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தால், என்ன நடந்தது என்று கேட்க முதலே 'சொறி மிஸ்' என்று மன்னிப்புக் கேட்போம். பிறகு பிள்ளைக்கு ஏச்சு. ஆகவே நானும் அந்த அறிவுரையைத்தான் நடீனுக்குச் சொன்னேன். ரியூசனுக்கு விடும், ரீச்சருக்கு நத்தார் பண்டிகைக்கு ஒரு கிஃப்ட் கார்ட் குடும் என்றேன். நடீன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜொசாயா அகரனைவிட இரண்டு வகுப்பு மேலான புத்தகங்களை வாசிக்கிறான் என்றாள். உண்மைதான். அகரனுக்கு வாசித்துக் காட்டுகிறவனே அவன்தான்.

தனியார் பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். சிவப்புச் செங்கல் கட்டடம், சின்னச் சின்ன வகுப்புகள். பெற்றோர் வந்து பார்க்கிற நாளில் ஜொசாயாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியை அன்பாக இருந்தாராம். பள்ளிக்கூட விளம்பரத்துக்குப் படம் எடுக்கிற ஒருவர் ஜொசாயாவின் பின்னாலேயே திரிந்தாராம். இடம் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

நடீன் வந்து காருக்குள்ளிருந்து இறங்காமலே சொன்னாள்: "இஞ்ச அவனில பிழை தேடுகினம். அங்க அவனைப் படம் எடுக்கினம். ஒரு பிள்ளையைச் சும்மா பிள்ளையா விடுற பள்ளிக்கூடம் எங்க இருக்கு, சுபா?"

[சுபா நான்தான். சுபாங்கி.]

கோர்ட்னிக்கு மாற்றத்தான் விருப்பம். படம் எடுத்தால் எடுக்கட்டும், ஃபோன் வராதே என்பது அவன் கட்சி. சனி ஞாயிறும் வேலைக்குப் போக ஆயத்தமாக இருக்கிறான். அப்படிப் போனால் மகனை எப்போது காண்பான் என்று அவள் கேட்கிறாள். அதைவிட, இப்போது இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு விலத்தினால் பிழை தன்னில்தான் என்று ஜொசாயா நம்பிவிடுவான் என்பது அவளுடைய பயம். இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கிற வீட்டில் எப்படி நித்திரை வரும்?

4.

இனி மாம்பழப் பெட்டி. எழுதிய மூன்று பிரதிகளிலும் இதை நைசாக விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் வழித்துக் குவித்த பனி மலைபோலக் கிடந்தது. ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போன கிழமை இரண்டு பெடியன்கள் விரித்த அட்டைப்பெட்டி ஒன்றில் குந்தி அதன் மேலிருந்து வழுக்கினார்கள். கீழே நின்ற பிள்ளையில் மோதியதில் அதன் மூக்குக்கண்ணாடி உடைந்தது. ஃபோன் நடீனுக்கு வந்தது. ஆபத்தான நடத்தையாம். ஜொசாயாவுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புத் திட்டம் போடவேண்டுமாம், வியாழக்கிழமை காலை கூட்டம்.

அன்றிரவு புட்டைக் குழைத்துக்கொண்டே அகரன் சொன்னான்: "அம்மா, இட் வாஸ் மை ஐடியா. ஜொசாயா வேண்டாமெண்டுதான் சொன்னவன்."

அந்த மாம்பழப் பெட்டி எங்களுடையது. போன கோடையில் தமிழ்க்கடையில் வாங்கியது, கடையின் ஸ்டிக்கர்கூட அதில் இருந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை, யாருடையது என்று கேட்கவுமில்லை.

கணவர் ஜனார்த்தனிடம் சொன்னேன். "உமக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார். "எங்கட பெடியன்ர பேரும் அடிபடும். அவையள் எப்பிடியும் பள்ளிக்கூடம் மாத்தப் போகினம்தானே."

இவர் கெட்ட மனுசன் இல்லை. நான் சொல்ல நினைத்ததை இவர் சொன்னார், எனக்கு வசதியாகப் போய்விட்டது.

நேற்றுப் பின்னேரம் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். நடீன் தன் பக்கத்தை முடித்துவிட்டு வந்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஜொசாயா எல்லாம் சொன்னவன்," என்றாள். "அகரனைப் பற்றி நான் அங்க வாய் திறக்கமாட்டன். இன்னொருத்தியின்ர பிள்ளையின்ர பேரை அந்த ஒஃபிசில நான் குடுக்கமாட்டன். சொல்லுறதெண்டால் நீர்தான் சொல்லவேணும். நாளைக்கு என்னோட வாறீரா? துணைக்கு ஒருத்தர் வந்தால் அவனை இந்தப் பள்ளிக்கூடத்திலயே விடலாமெண்டு இருக்கிறன்."

"பாப்பம்," என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் நாங்கள் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடீனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு, என் பக்கத்தில் மிச்சமிருந்த பனியையும் வழித்துத் தந்துவிட்டுப் போனாள்.

5.

முடிவு அ: ஜொசாயா புதுச் சீருடையில் காரில் ஏறுகிறான். அகரன் தனியாகத் தெருமுனைக்கு நடக்கிறான். சனிக்கிழமைகளில் கோர்ட்னியின் கார் வாசலில் இல்லை. கடைசி வரி: 'நடீன் திரும்பிப் பார்க்கவில்லை.' சிறப்பிதழுக்கு நல்ல தோதான வரி.

முடிவு ஆ: ஜொசாயா இங்கேயே படிக்கிறான். பனி கரைகிறது, புல் வருகிறது, ஃபோன் வருகிறது, நடீன் கோட்டைப் போடுகிறாள். கோட்டின் முழங்கை தேய்ந்திருப்பதை ஜன்னலால் பார்க்கிறேன்.

இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் நான் ஜன்னலுக்கு உள்ளேதான் நிற்கிறேன். நடீன் எதைத் தெரிவுசெய்யப் போகிறாள் என்று இவ்வளவு பக்கம் எழுதியவளுக்கு, தெரிவு தன் வாசலிலும் வந்து நிற்பது தெரியாமல் போய்விட்டது. தெரியாமலா? சும்மா சொல்லக்கூடாது, தெரியும்.

முடிவு இ: 'நடீனோடு சுபாங்கியும் உள்ளே போய், அந்தப் பெட்டி எங்கட'

6.

இன்று வியாழக்கிழமை. வேலைக்கு வரப் பிந்தும் என்று ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. இதழ்க்காரருக்கு இவ்வளவையும்தான் அனுப்பப் போகிறேன். மிச்சத்தை வாசிக்கிற நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும், கராஜில் பெட்டியும் கிடக்கும். உங்கள் பிள்ளையின் பேரை அந்த ஒஃபிசில் நீங்களே போய்ச் சொல்வீர்களா? எனக்காகப் பொய் எழுத வேண்டாம்.

அகரன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கீழே நிற்கிறான். "அம்மா, நீங்களும் வாறீங்களா?" என்று கேட்கிறான். கணவர் கோப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறார். ஜன்னலால் பார்த்தால் நடீன் சாம்பல் நிறக் கோட்டோடு காரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறாள்.

நான் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன், பைஜாமாவுக்கு மேல் குளிர் ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டும் போயிருக்கிறேன். என்ன உடுத்துக்கொண்டு போவதென்று இன்றைக்குத்தான் முதல்முதலாக யோசிக்கிறேன்.

நடீனின் கார் இன்னும் புறப்படவில்லை.