வூகோசாவ் சாகாத படம்

ஹாலிவுட்டில் யாரையாவது சுட வேண்டுமென்றால் முதலில் வூகோசாவைத்தான் தேடுவார்கள். ஹெர்சகோவினாவிலிருந்து அவன் கொண்டுவந்த சொத்து ஒரு கொடுவா மீசை. அதை வைத்துக்கொண்டு துருக்கியனாக, மெக்சிகோக் கொள்ளையனாக, ஊர்பேர் தெரியாத ராஜாவின் தளபதியாகச் செத்திருக்கிறான். பாதிப் படம் தாண்டி உயிரோடிருந்தது கிடையாது.

ஒவ்வொரு சாவுக்கும் அவன் மனைவி ஸ்டாமெனா மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவர்களுக்குப் படைக்கிற இனிப்புக் கோதுமையைக் கிண்டிவிடுவாள். பொய்ச் சாவுதான், ஆனால் ஆண்டவன் கவனிக்காமல் நிஜக் கணக்கில் எழுதிவிட்டால்? வால்நட்டும் சர்க்கரையும் போட்ட அந்தப் பானையை அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் வழித்துத் தின்பார்கள். வூகோசாவுக்கு மட்டும் ஒரு கரண்டி கிடையாது. தன் கருமாதிச் சோற்றைத் தானே தின்னக் கூடாதாம்.

"இந்தப் படத்துலயும் நீ செத்தேன்னு வை, நேரா மீன் டப்பா கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகணும். கட்டின புருஷனுக்கு எத்தனை தடவைய்யா நான் காரியம் பண்றது?" என்றாள் ஸ்டாமெனா.

சாக மாட்டேன் என்று சத்தியம் செய்தான். இம்முறை கோட்டை வாயிற்காவலன் வேடம். கடைசியில் கதாநாயகிக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தால் போதும்.

கடைசி நாள் டைரக்டர் புரூயிட்டுக்கு ஞானம் பிறந்தது. காவலன் குறுக்கே பாய்ந்து குண்டை வாங்கிக்கொள்ளட்டும், முகத்தைக் கிட்டத்தில் எடுப்போம் என்றார்.

கிட்டத்தில்! இத்தனை வருஷத்தில் காமிரா அவனுடைய பூட்ஸைத்தான் கிட்டத்தில் பார்த்திருக்கிறது. மாட்டேன் என்றால் முகம் போச்சு. சரி என்றால் மீன். வெயில் வேறு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

துப்பாக்கி வெடித்தது. விழுந்தான். காமிரா நெருங்கியது. மூச்சு வாங்கினான், மீசை துடித்தது, கதாநாயகியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடி கதாநாயகியைப் பார்த்தான்.

"யோவ், கண்ணை மூடுய்யா," என்றார் டைரக்டர்.

ஊமைப்படம்தானே, யார் கத்தினால் என்ன? இன்னொரு மூச்சு வாங்கினான். கதாநாயகி நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். காமிராவுக்குள் பிலிம் தீர்ந்து சடசடவென்று அடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் கண்ணை மூடினான். திரும்ப எடுக்க வெயில் இல்லை. விடிந்தால் கோட்டையைப் பிரித்துவிடுவார்கள்.

படம் வந்த அன்று வீடு மொத்தமும் முன்வரிசையில். ஸ்டாமெனா மெழுகுவர்த்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி வெடித்ததும் தீக்குச்சியை எடுத்தாள். திரை முழுக்க அவள் புருஷன் முகம். கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. அந்தக் கண் மூடவேயில்லை. 'முற்றும்' வந்துவிட்டது.

"மனுஷா, செத்தியா இல்லையா?"

"நீதான பார்த்தே. கண்ணை மூடினேனா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். "அப்ப கோதுமை கிடையாதா?" என்றான் மாடி அறையில் குடியிருக்கும் மித்தார், முகம் தொங்கிப்போய்.

கோதுமையை அவள் முந்தின நாளே ஊறப்போட்டிருந்தாள். புருஷனின் சத்தியத்தில் அவ்வளவு நம்பிக்கை. வீட்டுக்குப் போனதும் கிண்டினாள். முதல் தட்டை வூகோசாவ் முன்னால் வைத்தாள்.

"உயிரோடதானே இருக்கே, தின்னு."

இதுவரை செத்த சாவுக்கெல்லாம் சேர்த்துத் தின்றான்.